தலைக்கு மேல் தொங்கும் மூன்று டன்: சிம்னி பிரெஸ்ட் அகற்றலும் கட்டட விதி ஒப்புதலும்

ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங், ஹாரோ என்று லண்டனில் தமிழர்கள் வீடு வாங்கிக் குடியேறிய பகுதிகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய வீடுகள். விக்டோரியா அரசி காலத்தின் கடைசிப் பத்தாண்டுகளில் தொடங்கி 1930கள் வரை கட்டப்பட்ட வரிசை வீடுகளும், ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளும்தான் அங்கே அதிகம். இந்த வீடுகளின் முன்னறையிலும் பின்னறையிலும், மாடிப் படுக்கையறைகளிலும், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் செங்கல் கட்டு ஒன்று அறைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன் அடியில் ஒரு காலத்தில் கணப்பு எரிந்தது. இன்று அந்த வாய் பலகையால் மூடப்பட்டிருக்கும், அல்லது பழைய கேஸ் ஹீட்டர் ஒன்று அதில் பொருத்தப்பட்டிருக்கும். புடைப்பின் இரு பக்கமும் உள்வாங்கிய இடங்களில் ஒன்றில் தொலைக்காட்சியும் மற்றொன்றில் சாமி அலமாரியும் இருக்கும் வீடுகள் எனக்குத் தெரிந்தே பல உண்டு. இந்தப் புடைப்பைத்தான் இங்கே எல்லோரும் சிம்னி பிரெஸ்ட் என்கிறார்கள்.

பத்தடி அகலமுள்ள அறையில் ஒன்றேகால் அடி ஆழத்தை அது விழுங்கிவிடுகிறது. சோபாவை நேராகப் போட முடிவதில்லை. பிறந்தநாளுக்கோ பூஜைக்கோ பத்துப் பேர் வந்தால் உட்கார இடம் போதுவதில்லை. ஆகவே அதை இடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. எங்கள் வீட்டின் பின்னறையிலிருந்த புடைப்பை நாங்களும் அகற்றினோம். அந்த வேலைக்குக் கட்டட விதிகளின் கீழ் கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சி மன்றத்திடம், ஒப்புதல் வாங்கப்போகிறோம் என்று சொன்னபோது, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உண்மையான வியப்போடு கேட்டார்: "உது வெறும் புகை போற ஓட்டைதானே அண்ணை, உடைச்சுப்போட்டுப் பூசி விட்டா ஆருக்குத் தெரியும்? கவுன்சிலுக்கு ஏன் சொல்லுறியள்?" அவர் கேட்டதில் தவறில்லை. பார்வைக்கு அது அறையை அடைத்துக்கொண்டிருக்கும் பயனற்ற செங்கல் குவியலாகத்தான் தெரிகிறது. அது சுமந்துகொண்டிருப்பது எதையும் அறைக்குள் நின்று பார்க்க முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அதன் உடலமைப்பைப் பார்ப்போம். தரைத்தளத்துப் புடைப்பு தனக்கென்று அடித்தளம் கொண்டு மண்ணிலிருந்து எழுகிறது. மேல்மாடிக்குப் போகும்போது அந்த மாடியின் கணப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு கணப்புக்கும் தனித்தனிப் புகைக்குழல் உண்டு. பழைய அளவில் அது ஒன்பது அங்குலச் சதுரம், அதாவது சுமார் 225 மில்லிமீட்டர். கீழறையின் குழல் மாடிக் கணப்பைச் சுற்றி வளைந்து, அதன் பக்கத்துக் குழலோடு இணையாக, கூரைக்கு அடியிலுள்ள லாஃப்ட் வழியே ஏறி, கூரைக்கு மேல் அடுக்காக வெளிப்படுகிறது. கூரை உச்சியில் நிற்கும் மண்சாடிகளை எண்ணினால் அடியில் எத்தனை கணப்புகள் இருந்தன என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இவ்வளவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தூணாக நிற்கிறது. கீழே உள்ள பகுதியை மட்டும் எடுத்தால் மேலே உள்ளவை அனைத்தும் அந்தரத்தில் நிற்கும்.

எவ்வளவு எடை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1.4 மீட்டர் அகலம், 0.35 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் குறுக்குவெட்டுப் பரப்பு 0.49 சதுர மீட்டர். அதில் இரண்டு புகைக்குழல்களின் வெற்றிடத்தைக் கழித்தால் 0.39 மிஞ்சும். மாடி அறையின் உயரமும் லாஃப்டின் உயரமும் சேர்ந்து 4.6 மீட்டர் என்று கொண்டால், கன அளவு 1.8 கன மீட்டரை நெருங்குகிறது. பழைய செங்கல் கட்டு ஒரு கன மீட்டருக்கு 1.9 டன் அளவுக்கு எடை கொண்டது. ஆக, கூரைக்கு மேல் நிற்கும் அடுக்கைச் சேர்க்காமலே 3.4 டன் வருகிறது. இரண்டு குடும்பக் கார்களை மாடிப் படுக்கையறையில் சுவரோரமாக நிறுத்தி, கீழே தாங்கிக்கொண்டிருந்ததை உருவி எடுப்பதற்குச் சமம் இது. அப்படி எடுத்த உடனே எல்லாம் விழுந்துவிடுவதில்லை; அதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. செங்கற்கள் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுவரோடு பின்னிக் கட்டப்பட்டிருப்பதால், அந்தப் பிணைப்பும் பழைய சுண்ணாம்புச் சாந்தும் சிலகாலம் தாங்கிப் பிடிக்கும். நூறாண்டு நிலக்கரிப் புகையின் கந்தகம் அந்தச் சாந்தை அரித்திருக்கும். மாடித் தரையின் மரச்சட்டங்களும் தமக்கு உரியதல்லாத சுமையை மெல்ல ஏற்கத் தொடங்கும். பூசி, வண்ணமடித்து, மாதங்கள் ஓடியபின் மாடிச் சுவரின் மேல்மூலையில் ஒரு விரிசல் தலைகாட்டும். அப்போது பில்டரின் தொலைபேசி எண் கூட மாறியிருக்கக்கூடும்.

இந்த நாட்டில் கணப்புகள் அணைந்ததற்கு நல்ல காரணங்கள் இருந்தன. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து, புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1965இல் வடகடலில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது; 1967 முதல் பத்தாண்டுகளில் நாட்டின் அடுப்புகளும் ஹீட்டர்களும் அந்த வாயுவுக்கு மாற்றப்பட்டன. மைய வெப்பமூட்டல் வீட்டுக்கு வீடு வந்தது. கணப்பின் வேலை முடிந்துவிட்டது; ஆனால் அதைச் சுற்றிய செங்கல் தாங்கும் வேலையை ஒருநாளும் நிறுத்தவில்லை. தன் சுமையைத் தாங்குவதோடு, நீண்ட பொதுச் சுவர் பக்கவாட்டில் நெளியாமல் அதற்கு முட்டாகவும் அது நிற்கிறது. ஆகவே லாஃப்டிலிருந்து தரைவரை முழுவதையும் அகற்றி, மேலே தொங்க எதுவுமே இல்லாதபடி செய்தாலும், மீந்த சுவர் தனியாக நிற்கப் போதிய கனமும் பிணைப்பும் கொண்டதா என்ற கேள்வி எஞ்சியிருக்கும்.

இங்கிலாந்தில் இந்த வேலைக்குப் பொதுவாகத் திட்டமிடல் அனுமதி, அதாவது பிளானிங் பெர்மிஷன், தேவைப்படுவதில்லை. அது வீட்டின் வெளித்தோற்றத்தையும் பயன்பாட்டையும் பற்றியது. பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடென்றால் உள்ளே ஆணி அடிக்கும் முன்கூட யோசிக்க வேண்டும்; பழைய தோற்றம் மாறாமல் காக்கப்படும் கன்சர்வேஷன் ஏரியாவில் கூரைக்கு மேலுள்ள அடுக்கை இறக்குவதாக இருந்தால் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்வதே முறை. இவை தவிர, பிளானிங் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது சரியே. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எந்த அனுமதியும் வேண்டாம் என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். கட்டட விதிகள் வேறு சட்டம், வேறு அலுவலகம். 1984ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் கீழ் வந்த 2010ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டமைப்பின் பலத்தைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் கட்டட மேற்பார்வைப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். சிம்னிப் புடைப்பை ஒரு தளத்தில் மட்டும் எடுத்தாலும், லாஃப்டில் மட்டும் எடுத்தாலும் இதே நிலைதான்.

கவுன்சிலிடம் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று முழு வரைபட விண்ணப்பம்: வரைபடங்களையும் கட்டமைப்புக் கணக்குகளையும் முன்கூட்டியே கொடுத்தால், ஐந்து வாரங்களுக்குள், அல்லது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கூடுதல் காலத்துக்குள், அவற்றைச் சரிபார்த்து முடிவு சொல்வார்கள். மற்றொன்று பில்டிங் நோட்டீஸ்: வேலை தொடங்கப்போவதாக அறிவித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தொடங்கிவிடலாம், சரியா தவறா என்பதை ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். இரண்டாவது வழி விரைவானது என்பதால் பில்டர்கள் அதையே பரிந்துரைப்பார்கள். என் கருத்தில் சிம்னி வேலைக்கு அது ஏற்றதல்ல. நோட்டீஸ் கொடுத்தால் வரைபடத்துக்கு யாரும் ஒப்புதல் கொடுத்ததாக ஆகாது. புடைப்பை இடித்து, மேற்பகுதியை முட்டுகள் தாங்கிக்கொண்டிருக்கும் வேளையில் ஆய்வாளர் வந்து, இந்த பீம் போதாது, கணக்கைக் காட்டுங்கள் என்றால் வேலை அப்படியே நிற்கும். மூன்று டன் செங்கல்லும் வாடகை முட்டுகளின் மேல் நிற்கும். முழு வரைபட வழியில் அந்த விவாதம் காகிதத்திலேயே முடிந்துவிடுகிறது. கவுன்சிலுக்குப் பதிலாகப் பதிவுபெற்ற தனியார் ஒப்புதல் நிறுவனத்தையும் அமர்த்தலாம். 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த நிறுவனங்களும், இரு தரப்பிலும் வேலை செய்யும் ஆய்வாளர்களும் பதிவுபெற்றிருக்க வேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டது.

இந்த வேலை முழுவதிலும் தவிர்க்கவே முடியாத ஆள் கட்டமைப்புப் பொறியாளர். எங்கள் வீட்டுக்கு வந்த பொறியாளர் புடைப்பைப் பார்த்த நேரம் குறைவு. சுற்றியுள்ளவற்றைப் பார்த்த நேரம்தான் அதிகம். லாஃப்டில் ஏறி, புகைக்குழல்கள் எந்தப் பக்கம் சாய்ந்து செல்கின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கூரைக்கு மேலுள்ள அடுக்கு எங்களுடையது மட்டுமா, பக்கத்து வீட்டோடு பகிர்ந்ததா என்று கேட்டார். மாடித் தரைப்பலகை ஒன்றைக் கழற்றச் சொல்லி, மரச்சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டார். சாந்தைச் சாவியின் முனையால் சுரண்டிப் பார்த்தார். அது மாவாக உதிர்ந்ததைக் கண்டு எதுவும் சொல்லாமல் நோட்டில் எழுதினார். பிறகு முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் நின்று நிமிர்ந்து மேலே பார்த்தார். அங்கேதான் எங்கள் வீட்டின் உண்மையான சிக்கல் இருந்தது.

புடைப்பின் மேற்பகுதியைத் தாங்க வழக்கமாகச் செய்வது இதுதான்: புடைப்பின் முன்விளிம்புக்கு அடியில், பொதுச் சுவருக்கு இணையாக ஒரு ஸ்டீல் பீம் போடுவார்கள். அதன் ஒரு முனை பின்பக்க வெளிச்சுவரில் உட்காரும். மறுமுனை இரண்டு அறைகளையும் பிரிக்கும் நடுச்சுவரில் உட்காரும். லண்டனின் பழைய வீடுகளில் அந்த நடுச்சுவரை முன்பிருந்த உரிமையாளர்கள் எப்போதோ இடித்து, இரண்டறைகளையும் ஒரே கூடமாக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆகவே புதிய பீமின் மறுமுனை உட்காரச் சுவரே இல்லை. முன்பு போட்ட பீம் ஒன்றுதான் கூரைப்பூச்சுக்குள் மறைந்து கிடந்தது. அது எஃகா மரமா, எவ்வளவு தடிமன், எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை. பூச்சைத் திறந்து அளந்து, அந்தப் பழைய பீம் புதிய சுமையை ஏற்குமா என்று முதலிலிருந்து கணக்கிட வேண்டியிருந்தது. ஒரு புடைப்பை எடுக்கப் போய், வீட்டின் நடுவில் யாரோ எப்போதோ செய்த வேலைக்கும் சேர்த்து விடை தேட வேண்டி வந்ததில் செலவு கூடியது. ஆனால் அந்தத் திறப்பு நடந்திராவிட்டால், ஒரே பீமின் மேல் இரண்டு பேரின் கனவுகளையும் ஏற்றியிருப்போம்.

பீமின் முனை நேரடியாகப் பழைய செங்கல் மேல் உட்காரக் கூடாது. அத்தனை சுமையும் ஒரு கையளவு இடத்தில் இறங்கினால் உதிரும் சாந்து நசுங்கிவிடும். அதனால் முனைக்கு அடியில் பேட்ஸ்டோன் என்ற கான்கிரீட் கட்டையை வைத்து, சுமையைப் பரப்பி இறக்குகிறார்கள். பீமுக்கும் மேலே தொங்கும் செங்கலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமுள்ள சிமெண்ட் கலவையால் இறுக்கிக் குத்தி அடைக்க வேண்டும். அந்தக் கலவை இறுகும்வரை முட்டுகளைத் தொடக் கூடாது. இதில் அவசரம் காட்டினால் மேலுள்ள கட்டு சில மில்லிமீட்டர் கீழிறங்கும். அந்தச் சில மில்லிமீட்டர் போதும், மாடிச் சுவரில் விரிசல் விழ. ஆய்வாளர் வந்து பார்க்க விரும்பும் முக்கியமான கட்டமும் இதுவே. பேட்ஸ்டோனும் பீமும் கண்ணுக்குத் தெரியும்போதே அவரை வரவழைக்க வேண்டும். பிளாஸ்டர்போர்டு அடித்து மூடிவிட்ட பிறகு கூப்பிட்டால், கழற்றிக் காட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மூடும்போதும் அழகு மட்டும் நோக்கமல்ல. தீயில் எஃகு சூடேறினால் தன் வலுவை இழந்து வளையும் என்பதால், சாதாரண இரண்டு மாடி வீட்டில் அது 30 நிமிடம் தீயைத் தாங்கும் வகையில் பலகையால் உறையிடப்பட வேண்டும்.

பீமுக்குச் செலவாகும் என்று, சிலர் சுவரில் முக்கோண வடிவ இரும்புத் தாங்கிகளை போல்ட் போட்டு முடுக்கி, மேலுள்ள கட்டை அதன்மேல் நிறுத்திவிடுகிறார்கள். கேலோஸ் பிராக்கெட் என்பது அதன் பெயர். இதை ஒட்டுமொத்தமாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். சுவர் குறைந்தது 215 மில்லிமீட்டர் கனமுள்ள திடமான செங்கல் கட்டாக இருந்து, சாந்து நல்ல நிலையில் இருந்து, புடைப்பின் ஆழம் குறைவாக இருந்து, மறுபக்கத்தில் பக்கத்து வீட்டாரின் புடைப்பும் அப்படியே நின்றால், கணக்குக் காட்டி ஏற்கச் செய்யும் கவுன்சில்கள் உள்ளன. பல கவுன்சில்கள் இதை ஏற்பதே இல்லை. காரணம் எளிது: பீம் சுமையை நேராகக் கீழே இறக்குகிறது, பிராக்கெட் அதைச் சுவரைப் பிடித்து இழுக்கும் விசையாக மாற்றுகிறது. அந்தச் சுவரில் பாதி பக்கத்து வீட்டாருடையது. நாளை அவர்களும் தங்கள் புடைப்பை எடுத்துவிட்டு அதே சுவரில் மறுபக்கம் பிராக்கெட் முடுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் கவுன்சிலின் தயக்கம் புரியும்.

பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், பொதுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிம்னிப் புடைப்பை வெட்டி அகற்றுவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கட்டட விதி ஒப்புதல் கையில் இருந்தாலும் இது தனிக் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வேலை தொடங்க இரண்டு மாதத்துக்கு முன்பே பக்கத்து வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் 14 நாட்களுக்குள் சம்மதம் எழுதித் தராவிட்டால் தகராறு எழுந்ததாகவே சட்டம் கருதும். பிறகு சர்வேயர்களை நியமித்து, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் தீர்ப்பாணை எழுதித் தருவார்கள். அந்தச் செலவைப் பெரும்பாலும் வேலை செய்பவரே ஏற்க வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் வயதான ஆங்கிலேய அம்மையார். அறிவிப்பைத் தபாலில் போடுவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய், வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினோம். அவர் சுவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, "என் கேஸ் ஃபயர் இந்தச் சுவருக்குப் பின்னால்தானே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாதே?" என்றுதான் கேட்டார். எங்கள் பொறியாளரும் அதையேதான் கவலையோடு குறித்து வைத்திருந்தார். ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக் கட்டப்பட்ட கணப்புகளில், இரண்டு வீட்டுப் புகைக்குழல்களுக்கும் இடையில் சில இடங்களில் அரைச் செங்கல் கனம், அதாவது ஏறக்குறைய 102 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும். பழைய மேஸ்திரிகள் குழல்களை வளைத்துக் கட்டியதில், பக்கத்து வீட்டுக் குழல் சற்றே நம் பக்கம் நுழைந்திருப்பதும் உண்டு. இடிக்கும்போது ஒரு செங்கல் பெயர்ந்தாலோ சாந்து உதிர்ந்தாலோ, அவர் வீட்டு கேஸ் ஃபயரின் புகை நம் படுக்கையறைக்குள் கசியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தூங்கிக்கொண்டிருப்பவர்கள் எழுவதில்லை. அதனால்தான் கடப்பாரையும் மின் உளியும் வைத்து அடித்துத் தள்ளாமல், மேலிருந்து கீழாகக் கையால் செங்கல் செங்கல்லாக எடுக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதுகிறார்கள். வேலை முடிந்ததும் அவருடைய குழலில் புகைச் சோதனை செய்து, கசிவில்லை என்று உறுதி செய்தபின்தான் எங்கள் சுவரைப் பூசினோம். இப்படி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் யார் கணப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இடிப்பதை நான் எந்தக் காலத்திலும் ஏற்க மாட்டேன்.

வெட்டிய இடத்தில் சுவரின் குழிகளைச் செங்கல் வைத்து அடைத்து, இரு வீடுகளையும் பிரிக்கும் சுவர் 60 நிமிடம் தீயைத் தாங்கும் நிலைக்கும் ஒலியைத் தடுக்கும் நிலைக்கும் கொண்டுவர வேண்டும். பூச்சு மட்டும் போட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் கேட்கும். தரையில் கணப்புக்கு முன்னால் இருந்த கற்பலகையை எடுத்தால், அங்கே மரச்சட்டங்கள் வெட்டி நிறுத்தப்பட்டிருப்பது தெரியும். புதிய சட்டங்களை இணைத்துத்தான் தரையை மூட வேண்டும். கேஸ் ஹீட்டரோ அதன் பின்னால் பழைய பாய்லரோ இருந்தால், கேஸ் வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது.

மாடியில் விட்டுவைக்கும் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. பயன்படாத குழலை மேலும் கீழும் இறுக அடைத்துவிடுவது பலரும் செய்வது. உள்ளே படிந்த கரியில் நிலக்கரியிலிருந்து வந்த உப்புகள் இருக்கின்றன. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. காற்றோட்டம் இல்லாவிட்டால் ஈரம் கோத்து, அந்த உப்போடு சேர்ந்து செங்கல் வழியே வெளியே வந்து, மாடிச் சுவரில் பழுப்புக் கறையாக விரியும். எத்தனை முறை வண்ணமடித்தாலும் அது திரும்ப வரும். கீழ்முனையில் ஒரு காற்றுத் துளையும், உச்சியில் மழையைத் தடுத்துக் காற்றை விடும் மூடியும் வைத்தால் போதும். வேலைக்கு முன்பே குழலைச் சிம்னி துடைப்பவரைக் கொண்டு சுத்தம் செய்துவிட்டால், இடிக்கும் நாளில் வீடு முழுவதும் கரித்தூசி பரவுவதும் குறையும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஆய்வாளர் கடைசியாக வந்து பார்த்தபின், நிறைவுச் சான்றிதழ் அனுப்புகிறார்கள். வீட்டை விற்கும் நாளில் அதன் மதிப்புத் தெரியும். விற்பவர் நிரப்பும் படிவத்தில் கட்டமைப்பு மாற்றங்கள் பற்றிய கேள்வி இருக்கிறது. வாங்குபவரின் வழக்கறிஞர் சான்றிதழைக் கேட்பார். நெருங்கிய குடும்பம் ஒன்று வீடு வாங்கும் கட்டத்தில் இருந்தபோது, அவர்களுடைய சர்வேயர் லாஃப்டில் ஏறிப் பார்த்தார். கீழே இரண்டு தளங்களிலும் புடைப்பு இல்லை. லாஃப்டில் மட்டும் முழு அகலத்துக்குச் செங்கல் நின்றது. அதன் அடியில் இரண்டு மரச்சட்டங்களைத் தவிர எதுவும் இல்லை. விற்பவர், சான்றிதழ் இல்லாததற்கு இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துத் தருகிறேன் என்றார். பலர் அதை ஏற்று வாங்கியும்விடுகிறார்கள். அந்தக் காப்பீடு, கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் ஏற்படும் பணநட்டத்துக்குத்தான். செங்கல் விழுந்தால் வரும் சேதத்துக்கு அல்ல. அதை எடுத்த பிறகு கவுன்சிலிடம் விசாரித்தால் அதுவும் செல்லாமல் போய்விடும். கட்டமைப்பைப் பற்றிய ஒரு கேள்விக்குக் காப்பீட்டுக் காகிதத்தை விடையாக ஏற்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. அந்தக் குடும்பம், முறைப்படுத்தாமல் வாங்க முடியாது என்று நின்றது.

அப்படி முறைப்படுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு ஒப்புதலின்றிச் செய்யப்பட்ட வேலைகளுக்கு, முறைப்படுத்தல் சான்றிதழ் கேட்டுக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். தனியார் நிறுவனங்கள் இதைக் கொடுக்க முடியாது. கட்டணம் வழக்கமான விண்ணப்பத்தைவிட அதிகம். மறைத்த இடங்களைத் திறந்து காட்டச் சொல்வார்கள், குறை இருந்தால் சரிசெய்யவும் வேண்டும். விதிமீறிய வேலையை மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கக் கவுன்சிலுக்கு முன்பு ஓராண்டுதான் இருந்தது. 2023 அக்டோபர் முதல் அது பத்தாண்டுகளாகிவிட்டது. எனவே, கொஞ்ச நாள் கடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது.

உங்கள் வீட்டில் முன்பிருந்தவர் புடைப்பை எடுத்திருக்கிறார் என்றால், லாஃப்டில் ஏறி அடுக்கின் அடிப்பகுதியை ஒருமுறை பாருங்கள். செங்கலுக்குக் கீழே எஃகு தெரிகிறதா, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, பிராக்கெட் என்றால் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மரம் மட்டும் தெரிந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ, கவுன்சிலுக்கு எழுதுவதற்கு முன்பு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்த்து, முட்டு வேண்டுமா என்று சொல்லும்வரை, அதற்கு நேர்கீழே உள்ள அறையில் பிள்ளைகளைத் தூங்கவைக்காதீர்கள்.